ஆசிரியர் வஸுவும் அவர் மாணாக்கரும்

ஒரு சாஸ்திரத்தில் வல்லவரானவர் மற்றொரு சாஸ்திரத்தின் எல்லைக்குள் அடியெடுத்து வைப்பதை வித்வான்கள் எளிதில் பொறுப்பதில்லை. பௌதிகம் கற்றவர் பௌதிகத்தோடு நிற்க வேண்டும், செடி கொடிகளின் இயல்பைத் தாவர நூல் வல்லாரே ஆராய வேண்டும் என்ற எண்ணம் மேல்நாட்டிலும் நம் நாட்டிலும் நெடுங்காலமாக வேரூன்றியிருக்கிறது. நம் பள்ளிக்கூடங்களில் 15, 16 வயதுப் பிள்ளையை அழைத்து, கணிதமா உயிர்நூலா என்று கேட்டு, ஒன்றைத் தேர்ந்துகொண்டவுடன் மற்றதன் கதவை அடைத்துவிடுகிறோம். இவ்வழக்கம் தகுமா என்று யோசிப்போர்க்கு ஆச்சார்ய ஜகதீச சந்திர வஸுவின் வாழ்க்கையைக் காட்டிலும் சிறந்த பாடம் கிடைப்பது அரிது. கம்பியில்லாத் தந்திக்கு வழிகோலியவர், செடிகளுக்கும் உணர்ச்சி உண்டென்று சொன்னவர் என்ற அளவிலேயே நம்மவர் பலர் அவரை அறிவர். அவர் ஆசிரியராக இருந்து செய்தது யாது, அவரிடம் பயின்றவர்களும் அவரிடம் வேலை பழகியவர்களும் எந்தெந்தத் துறைகளிற் புகுந்து என்னென்ன சாதித்தனர் என்பதை அறிந்தவர் சிலரே. அதனையே இங்கு எடுத்துரைக்க முற்படுகிறோம்.

இளமையும் கல்வியும்

வஸு 1858-ம் வருஷம் நவம்பர் மாதம் 30-ந் தேதி, இன்று வங்காள தேசத்தைச் சேர்ந்ததாயுள்ள மைமன்ஸிங்கில் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர வஸு சர்க்கார் உத்தியோகஸ்தர். பரீத்பூரில் டிப்டி மாஜிஸ்டிரேட்டாக இருந்தவர். அக்காலத்தில் அத்தகைய பதவியிலிருந்தோர் தம் மக்களை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதையே கௌரவமாகக் கருதினர். பகவான் சந்திரரோ, பிள்ளை முதலில் தாய்மொழியைக் கற்க வேண்டும், தன் நாட்டு மக்களோடு பழக வேண்டும் என்று கருதி, வங்காளிப் பள்ளிக்கூடத்தில் சேர்த்தார். அங்கே ஒரு பக்கம் தந்தையாரின் முஸ்லிம் சேவகர் மகனும், மறு பக்கம் ஒரு மீனவர் மகனும் வஸுவின் அருகில் அமர்ந்திருந்தனர். பறவைகளையும் விலங்குகளையும் நீர்வாழ் பிராணிகளையும் பற்றி அவ்விருவர் சொன்ன கதைகளே இயற்கையை ஆராயும் ஆவலைத் தமக்கு முதலில் ஊட்டியதாக வஸு பிற்காலத்தில் நன்றியோடு நினைவுகூர்ந்தார். ஒரு பெரிய விஞ்ஞானியின் முதல் ஆசிரியர்கள் பள்ளிப் பலகையில் உடனிருந்த ஏழைச் சிறுவர்கள் என்பதை நம் பெற்றோர்கள் கவனிக்க வேண்டும்.

பிறகு கல்கத்தாவுக்கு வந்து ஸெயின்ட் ஸேவியர் கலாசாலையில் சேர்ந்தார். அங்கே பௌதிகம் போதித்த பாதிரியார் லாபான் பெல்ஜிய தேசத்தவர். கருவிகளை மேசைமேல் வைத்துச் சோதனைகளைச் செய்து காட்டிப் பாடம் நடத்துவதில் நிகரற்றவர். டாக்டர் மகேந்திரலால் ஸர்க்கார் 1876-ல் கல்கத்தாவில் விஞ்ஞான வளர்ச்சிச் சங்கத்தை ஏற்படுத்தியபோது அவருக்கு உறுதுணையாக நின்றவரும் இவரே. சொல்லைக் காட்டிலும் செய்கையால் விளக்கும் போதனா முறையை வஸு அவரிடமே கற்றார்.

1880-ல் வைத்தியம் கற்கச் சீமைக்குச் சென்றார். தந்தையார் நாட்டுக் கைத்தொழில்களை வளர்க்க முயன்று கடன்பட்டிருந்த சமயம் அது. தாயார் தம் ஆபரணங்களை விற்றுப் பிரயாணச் செலவுக்குக் கொடுக்கவும் முன்வந்தார். ஆனால் இந்தியாவிலேயே பற்றிய காய்ச்சல் லண்டனிலும் வஸுவை விடவில்லை. சவ பரிசோதனைச் சாலையின் வாடை அவருடைய நோயை மேலும் அதிகமாக்கவே, வைத்தியப் படிப்பைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜில் இயற்கை விஞ்ஞானம் பயிலலானார். பௌதிகத்தில் ராலே பிரபுவும், தாவர நூலில் வைன்ஸ், பிரான்ஸிஸ் டார்வின் முதலியோரும், உடலியலில் மைக்கேல் பாஸ்டரும் அக்காலத்தில் அங்கே விளங்கினர். பௌதிகத்தையும் உயிர்நூலையும் ஒரே வயதில் ஒரே இடத்தில் கேட்கும் வாய்ப்பு அவருக்குக் கிட்டியது. இருபது வருஷங்களுக்குப் பின் முளைத்த பயிருக்கு விதை அங்கேதான் விழுந்தது என்று நாம் கருதுகிறோம்.

சம்பளம் வாங்காத பேராசிரியர்

1885-ல் தாய்நாடு திரும்பிய வஸுவுக்கு, கல்கத்தா பிரஸிடென்ஸி கலாசாலையில் பௌதிகப் பேராசிரியர் வேலை கிடைத்தது. அது எளிதில் கிடைத்ததன்று. இந்தியருக்கு நுட்பமான விஞ்ஞானத்தைப் போதிக்கும் மனப்பான்மை கிடையாது என்பது அன்றைய கல்வி இலாகாவின் எண்ணம். ராஜப்பிரதிநிதி ரிப்பன் பிரபுவின் சிபாரிசு இருந்தும் அதிகாரிகள் தயங்கியே இடம் கொடுத்தனர். கொடுத்ததிலும் ஒரு வேற்றுமை வைத்தனர். ஒரே வேலைக்கு ஐரோப்பியருக்கு உள்ள சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான் இந்தியருக்கு. தற்காலிக நியமனமானபடியால் அதிலும் பாதிதான் வஸுவுக்குக் கிடைக்கும்.

வஸு வேலையை ஏற்றார், சம்பளத்தை ஏற்கவில்லை. மூன்று வருஷ காலம் ஒரு காசும் தொடாமல் நாள்தோறும் வகுப்புக்குச் சென்று, பிறரிலும் ஊக்கமாகப் பாடம் நடத்தினார். வீட்டிலோ தந்தையாரின் கடன் சுமை. 1887-ல் அபலா தேவியை மணந்து குடும்பமும் ஏற்பட்டது. அவ்வம்மையார் நம் சென்னையோடு தொடர்புடையவர். கல்கத்தா வைத்தியக் கலாசாலை பெண்களைச் சேர்க்க மறுத்த காலத்தில், 1882-ல் வங்காள சர்க்காரின் உதவித்தொகை பெற்றுச் சென்னை வைத்தியக் கலாசாலையில் வந்து பயின்றவர். உடல்நலக் குறைவால் படிப்பை முடிக்காது திரும்பியவர். பிற்காலத்தில் வங்காளத்தில் பெண் கல்விக்கும் விதவைகளின் நல்வாழ்வுக்கும் அவர் பெருந்தொண்டு புரிந்தார். கணவர் சம்பளமின்றி உழைத்த காலத்தில் இல்லறத்தின் நெருக்கடியை மனங்கோணாது தாங்கினார். மூன்று வருஷங்களுக்குப் பின் அதிகாரிகள் தம் பிழையை உணர்ந்து, முன்தேதியிட்டு முழுச் சம்பளத்தையும் கொடுத்தனர். அப்பணம் தந்தையாரின் கடனைத் தீர்க்க உதவிற்று.

இச்செய்தியை வஸுவின் சுயமரியாதைக்கு உதாரணமாகப் பலரும் கூறுவர். மாணாக்கர் மனத்தில் இது என்ன பதித்திருக்கும் என்பதையும் நாம் எண்ண வேண்டும். தம் ஆசிரியர் நியாயத்துக்காகப் போராடுகிறார். போராடும்போது தம் கடமையில் ஓர் அணுவும் குறைக்கவில்லை. ஆயிரம் நீதிப் பிரசங்கங்களைக் கேட்டும் பெற முடியாத போதனை அது.

சிறு அறையில் பெரிய ஆராய்ச்சி

1894-ல், தம் 36-ம் பிறந்த நாளன்று, இனித் தம் வாழ்க்கையை ஆராய்ச்சிக்கே அர்ப்பணிப்பதென வஸு உறுதி பூண்டார். கலாசாலையில் ஆராய்ச்சிச் சாலை கிடையாது. குளியலறையை அடுத்த ஒரு சிறு அறையே கிடைத்தது. கருவி செய்ய ஆள் கிடையாது. தகர வேலை செய்யும் ஓர் உள்ளூர்த் தொழிலாளியைத் தாமே பழக்கிக்கொண்டார். செலவுக்குத் தம் கைப்பணத்தைப் போட்டார். வாரத்துக்குப் பல மணி நேரம் வகுப்பு நடத்தியபின் எஞ்சிய பொழுதே ஆராய்ச்சிக்கு.

மின்சார அலைகள் உண்டென்பதை ஜெர்மானியரான ஹெர்ட்ஸ் 1880-களின் பிற்பகுதியில் நிரூபித்திருந்தார். அவர் உண்டாக்கிய அலைகள் மிக நீளமானவை. ஒளியைப் போலவே அவை வளைகின்றனவா, பிரதிபலிக்கின்றனவா என்று நுட்பமாகச் சோதிக்க வேண்டுமாயின் அலையின் நீளம் குறைய வேண்டும். வஸு சுமார் 5 மில்லிமீட்டர் நீளமுள்ள அலைகளை உண்டாக்கும் சிறு கருவியைச் செய்தார். 1895-ல் கல்கத்தா நகர மண்டபத்தில், லெப்டினன்ட் கவர்னர் முதலியோர் முன்னிலையில், 75 அடி தூரத்தில், இடையிலுள்ள சுவர்களைத் தாண்டிச் சென்ற கண்ணுக்குப் புலப்படாத அலையைக் கொண்டு மணியை ஒலிக்கச் செய்தார். வெடிமருந்தையும் வெடிக்கச் செய்தார். 1896-ல் லண்டன் சர்வகலாசாலை டாக்டர் பட்டம் அளித்தது. 1897 ஜனவரியில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் பிரசங்கம் செய்யும் கௌரவமும் கிடைத்தது. அன்று அவர் கையாண்ட சிறு அலைகளின் இனத்தையே இன்றைய ரேடார்களிலும் ஐந்தாம் தலைமுறைக் கைப்பேசிகளிலும் பயன்படுத்துகின்றனர். உலக மின்பொறியாளர் சங்கம் 2012-ல் அந்த ஆராய்ச்சியை ஒரு மைல் கல்லாக அங்கீகரித்தது.

அவர் கையாண்ட சாமான்களை மாணாக்கர் கவனிக்க வேண்டும். ரெயில்வே அட்டவணைப் புத்தகமொன்றின் ஏடுகளுக்கிடையே மெல்லிய உலோகத் தாளைச் செருகி, அலைகள் ஒரே திசையில் அதிரும்படி வடிகட்டும் கருவியாக்கினார். வங்காளத்து வயல்களில் விளையும் சணலை முறுக்கிக் கட்டி, சர்க்கரைக் கரைசல் ஒளியைத் திருப்புவது போல இச்சணற் கட்டு மின்சார அலையைத் திருப்புவதைக் காட்டினார். ரஸாயன சாஸ்திரத்தில் அணுத்திரளைகளின் முறுக்கைப் பற்றி எழுந்த பிரச்னைக்குச் சணற் கயிற்றால் மாதிரி செய்து விடை தேடிய திறமை அது. விலையுயர்ந்த கருவி இல்லாமையால் ஆராய்ச்சி செய்ய இயலவில்லை என்று அவரிடம் பயின்ற எவரும் சொல்லியிருக்க முடியாது.

இக்கண்டுபிடிப்புகளால் பொருள் திரட்ட அவர் விரும்பவில்லை. ஈயக் கனிமத்தைக் கொண்டு அலைகளை உணரும் அவருடைய கருவிக்கு, நண்பர்களின் வற்புறுத்தலால் 1904-ல் அமெரிக்காவில் காப்புரிமை கிடைத்தது. ஆயினும் அவர் அதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் விட்டுவிட்டார்.

எல்லை கடந்த குற்றம்

நிற்க. அலைகளை உணரும் கருவிகளை வைத்து ஆராயும்போது வஸு ஒரு விசித்திரத்தைக் கண்டார். இடைவிடாது வேலை வாங்கினால் உலோகத் துகளின் உணர்வு மங்குகிறது. சற்று ஓய்வு கொடுத்தால் மறுபடி கூர்மையடைகிறது. வேலை செய்து களைத்த மனிதனின் தசை நடந்துகொள்வதைப் போன்றே இது இருந்தது. மற்றொரு பௌதிகர் இதனைக் கருவியின் குறை என்று ஒதுக்கித் தள்ளியிருப்பார். வஸு விடவில்லை. உலோகம், செடி, பிராணியின் தசை ஆகிய மூன்றையும் ஒரே முறையில் தூண்டி, மூன்றும் காட்டும் மின்சார மாறுதல்களைக் கோடுகளாக வரைந்து பக்கத்தில் பக்கம் வைத்து ஒப்பிட்டார். களைப்பு, உற்சாகமூட்டும் மருந்தின் வேகம், விஷத்தின் விளைவு முதலியவற்றில் மூன்றின் கோடுகளும் ஒத்திருக்கக் கண்டார். 1900-ல் பாரிஸில் கூடிய சர்வதேச பௌதிக மகாநாட்டில் இதனை வெளியிட்டார்.

1901 ஜூன் மாதத்தில் லண்டன் ராயல் ஸொஸைட்டியில் அவர் இதனை விளக்கியபோது எதிர்ப்பு மூண்டது. உடலியல் வல்லுநர்களில் தலைமை வாய்ந்த ஸர் ஜான் பர்டன்-ஸாண்டர்ஸன் எழுந்து, பௌதிகர் பௌதிகத்தோடு நிற்பதே நலம் என்ற கருத்தில் பேசினார். கட்டுரையின் தலைப்பையும் மாற்றும்படி யோசனை கூறினார். பூச்சிகளைப் பிடித்துண்ணும் ஒரு செடியில் மின்சாரத் துடிப்பு உண்டென்று 1873-லேயே கண்டவர் அவர். ஆனால் அசையாத சாதாரணச் செடிகளிலும் அது உண்டென்பதை ஒப்ப அவர் மனம் இடந்தரவில்லை. வஸு தலைப்பை மாற்ற மறுத்தார். கட்டுரை அச்சேறாது சங்கத்தின் அறையில் கிடந்தது. தாவர நூற் பேராசிரியரான வைன்ஸ் முதலியோரின் ஆதரவால் 1902-ல் லின்னேயன் ஸொஸைட்டி அவர் ஆராய்ச்சிக்கு இடமளித்தது. அதே வருஷத்தில், உயிருள்ளவையும் உயிரற்றவையும் தூண்டுதலுக்குக் காட்டும் மறுமொழியைப் பற்றிய அவருடைய நூல் வெளிவந்தது.

அந்நாட்களில் வஸுவுக்குத் துணைநின்றோரும் வெவ்வேறு துறையினரே. கவி ரவீந்திரநாத தாகூர் திரிபுரா மகாராஜாவிடம் எடுத்துச் சொல்லிப் பொருளுதவி கிடைக்கச் செய்தார். சகோதரி நிவேதிதா நூல்களை எழுதுவதில் உடனிருந்து உழைத்தார். நம் பாரதியாரும் வஸுவின் பெருமையைத் தம் கட்டுரைகளில் தமிழ் மக்களுக்கு எடுத்துரைத்தார். ஒரு விஞ்ஞானியின் முயற்சியைக் கவிஞரும் துறவியும் தங்கள் முயற்சியாகவே கருதிய காலம் அது.

அதன்பின் வஸு முற்றிலும் செடிகளின்பால் திரும்பினார். தொட்டாற்சுருங்கியின் துடிப்பு எவ்வளவு நேரத்தில் எவ்வளவு தூரம் செல்கிறது என்பதைப் புகை படிந்த கண்ணாடியில் புள்ளி புள்ளியாகத் தானே எழுதிக்கொள்ளும் யந்திரத்தைச் செய்தார். இலைகள் ஓயாது அசையும் தொழுகண்ணிச் செடியை, பிராணியின் இருதயத்தோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார். செடியின் வளர்ச்சியை 10,000 மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் என்னும் கருவியை அமைத்தார். அதைக்கொண்டு, ஓர் உரம் செடிக்கு ஏற்கிறதா இல்லையா என்பதைச் சில நிமிஷங்களிலேயே கண்ணாற் காணலாம். இவையனைத்தும் பௌதிகக் கருவிகள். ஆராய்ந்த பொருளோ உயிர். கருவிகளைச் செய்தவர்கள் கல்கத்தாவின் தொழிலாளிகள். 1920-ல் லண்டனில் சிலர் இக்கருவியின்மீது ஐயம் எழுப்பியபோது, பௌதிகரும் உடலியலாரும் தாவர நூலாரும் கொண்ட ஒரு குழு நேரில் சோதித்து அதன் உண்மையை ஒப்புக்கொண்டது. அவ்வருஷமே ராயல் ஸொஸைட்டி அவரை அங்கத்தினராக்கிற்று.

பரீத்பூரில் ஒரு பேரீச்ச மரம் மாலை நேரத்தில் தலை தாழ்ந்து காலையில் நிமிர்ந்து வந்தது. கோயில் மணி ஒலிக்கும் வேளையில் அது வணங்குகிறதென்று ஜனங்கள் பூஜை செய்தனர். வஸு அவர்களை ஏளனம் செய்யவுமில்லை, அவர்கள் சொன்னதை அப்படியே நம்பவுமில்லை. மரத்தில் கருவியைப் பொருத்தி இரவு பகலாகக் குறிப்பெடுத்து, வெப்பநிலையின் ஏற்றத்தாழ்வே அவ்வசைவுக்குக் காரணமென நிறுவினார். வியப்பை மதித்து அதனை அளவெடுக்கத் தொடங்குவதே ஆராய்ச்சி என்பதற்கு இதனினும் எளிய விளக்கம் வேண்டுவதில்லை.

மாணாக்கர் பரம்பரை

பிரஸிடென்ஸி கலாசாலையில் வஸு 30 வருஷம் போதித்து 1915-ல் ஓய்வு பெற்றார். ரஸாயனத்தில் ஆச்சார்ய பிரபுல்ல சந்திர ராயும் பௌதிகத்தில் வஸுவும் ஒரே காலத்தில் அங்கு விளங்கியது வங்காளத்தின் பெரும் பாக்கியம். அக்காலத்தில் அங்கே பயின்றோரின் பெயர்களைப் பார்த்தால் வியப்புண்டாகிறது. ஸத்யேந்திரநாத் வஸு, மேகநாத் ஸாஹா, பிரசாந்த சந்திர மஹலநோபிஸ், சிசிர் குமார் மித்ரா ஆகியோர் சில வருஷ இடைவெளிக்குள் அவ்வகுப்புகளில் அமர்ந்தவர்கள்.

இவர்கள் செய்ததையும் பாருங்கள். ஸாஹா, ரஸாயனப் பொருள்கள் வெப்பத்தால் பிரிவதைக் கணக்கிடும் முறையை நட்சத்திரங்களின் வாயுவுக்குப் பொருத்தி, 1920-ல் வான நூலுக்குப் புது வழி திறந்தார். ஒரு நட்சத்திரத்தின் ஒளியைப் பகுத்துப் பார்த்தே அதன் வெப்பத்தை அறியும் முறை அதனால் உறுதி பெற்றது. பௌதிகப் பட்டதாரியான மஹலநோபிஸ் புள்ளியியலில் புகுந்து, மனிதர்களின் உடலளவுகளை ஒப்பிடுவதிலிருந்து வயல்களின் விளைச்சலை மதிப்பிடுவது வரை கணிதத்தைக் கொண்டுசென்று, 1931-ல் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவினார். மித்ரா, வஸு விட்டுச்சென்ற மின்சார அலைகளை எடுத்துக்கொண்டு, அவற்றால் மேல் வானத்தின் மின்படலங்களை ஆராய்ந்து 1947-ல் உலகம் போற்றிய நூலை வெளியிட்டார். ஸத்யேந்திரநாதர் 1924-ல் ஒளித்துகள்களை எண்ணும் புது முறையை வகுத்து ஐன்ஸ்டீனின் மதிப்பைப் பெற்றார்.

இவையனைத்தும் வஸுவின் உபதேசத்தாலேயே விளைந்தன என்று நாம் சொல்லவில்லை. அவரவர் மேதையே அவரவர் வெற்றிக்கு முதற் காரணம். ஆனால் தங்கள் ஆசிரியர் ஒரு சாஸ்திரத்தின் கருவியைக் கையிலெடுத்துக்கொண்டு மற்றொரு சாஸ்திரத்தின் வாசலைத் தட்டியதை அவர்கள் இளமையில் கண்டனர். சீமைப் பெரியோர் அதட்டியும் அவர் பின்வாங்கவில்லை என்பதைக் கேட்டனர். இந்தியர் உலக விஞ்ஞானத்தில் முதல் வரிசையில் நிற்க முடியும் என்பதற்கு அவர்கள் எங்கும் சாட்சி தேட வேண்டியிருக்கவில்லை. அந்தச் சாட்சி நாள்தோறும் வகுப்பறைக்குள் நடந்து வந்தது.

ஆராய்ச்சிக் கோயில்

1917 நவம்பர் 30-ந் தேதி, தம் 59-ம் பிறந்த நாளில், கல்கத்தாவில் வஸு ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்தார். தம் வாழ்நாட் சேமிப்பையும் அன்பர்களின் நன்கொடையையும் கொண்டு கட்டிய அதனை, சோதனைச்சாலை என்பதோடு கோயில் என்றும் அவர் கருதினார். இந்திரனின் வச்சிராயுதமும், அசோகச் சக்கரவர்த்தி தம் கடைசிக் காலத்தில் தானம் செய்த பாதி நெல்லிக்கனியும் அதன் சின்னங்கள். உள்ளதனைத்தையும் கொடுத்தபின் எஞ்சிய பாதியையும் கொடுத்துவிடுவது ஆராய்ச்சியாளரின் தர்மம் என்பது அதன் கருத்து. பௌதிகம், தாவர நூல், உடலியல், உழவு ஆகியவற்றுக்கு இடையே சுவரில்லாமல் ஆராய்ச்சி நடக்க வேண்டும். கண்டவை உலகத்தார் யாவர்க்கும் பொதுவாக வெளியாக வேண்டும். அவற்றுக்குக் காப்புரிமை பெறலாகாது. இயன்றவரை எல்லா நாட்டாருக்கும் இடம் தரவேண்டும் என்று விதித்தார். நாளந்தாவும் தட்சசீலமும் அவர் மனக்கண்முன் இருந்தன.

அந்நிலையத்தில் அவர் ஆட்களைத் தேர்ந்த விதத்தைச் சொல்லாமல் விட முடியாது. பரீத்பூர் ஜில்லாவின் ஒரு கிராமத்தில் ஏழைப் புரோகிதர் குடும்பத்தில் பிறந்து, வறுமையால் கலாசாலைப் படிப்பை முடிக்க முடியாத கோபால் சந்திர பட்டாசாரியர், அழுகும் தாவரங்கள் இருளில் ஒளிவிடுவதைக் குறித்து வங்காளிப் பத்திரிகையொன்றில் எழுதினார். அது வஸுவின் கவனத்துக்கு வந்தது. பட்டம் உண்டா என்று கேட்காமல் அவரை வரவழைத்து 1921-ல் நிலையத்தில் சேர்த்துக்கொண்டார். அவர் எறும்பு, சிலந்தி, தவளைக் குஞ்சு முதலியவற்றின் வாழ்க்கையை ஆராய்ந்து, இந்நாட்டின் சிறந்த இயற்கை ஆராய்ச்சியாளர்களில் ஒருவரானார். எறும்புக் கூட்டில் ராணியும் வேலையாளும் உண்டாவதில் உணவுக்குள்ள பங்கைப் பற்றிய அவர் ஆராய்ச்சி 1940-ல் நிலையத்தின் வெளியீட்டில் வந்தது. 1948-ல் ஸத்யேந்திரநாதர் தாய்மொழியில் விஞ்ஞானம் பரப்பச் சங்கம் அமைத்தபோது, கோபால் சந்திரர் அவருக்கு வலக்கையாக விளங்கினார். கிராமத்து வாலிபர் ஒருவர் எழுதிய கட்டுரையை ஒரு பெரியவர் அலட்சியம் செய்யாமல் படித்ததன் பலன் இது.

வஸுவிடம் சுமார் 12 வருஷம் வேலை செய்த பசீசுவர ஸேனர், தாமே ஒரு சிறு ஆராய்ச்சிச் சாலையை 1924-ல் தொடங்கிப் பின்னர் இமயமலைச் சாரலிலுள்ள அல்மோராவுக்குக் கொண்டுசென்று, மலைநாட்டு உழவர்க்குப் பயன்படும் தானிய ஆராய்ச்சிகளைச் செய்தார். வஸு 1937 நவம்பர் 23-ந் தேதி கிரிதியில் காலமானபின், அவர் சகோதரி மகன் தேவேந்திர மோகன வஸு நிலையத்தின் தலைவரானார். அவரும் விபா சௌதரி அம்மையாரும் உயர்ந்த மலைகளில் போட்டோ தகடுகளை வைத்து, வானிலிருந்து வரும் கதிர்களில் அதுவரை தெளிவாக அறியப்படாத துகள்களின் அடையாளத்தைக் கண்டு 1940-களின் தொடக்கத்தில் வெளியிட்டனர். யுத்த காலத்தில் நுண்ணிய தகடுகள் கிடைக்காததால் அம்முயற்சி நின்றது. அதே முறையை நல்ல தகடுகளோடு பின்பற்றிய ஆங்கிலேயர் பவல் 1950-ல் நோபல் பரிசு பெற்றார்.

குறையும் நிறையும்

பெரியோரின் சரிதத்தை எழுதுவோர் அவர்களுடைய தவறுகளை மறைத்தல் முறையன்று. செடிகளுக்குப் பிராணிகளைப் போன்ற நரம்பு உண்டென்று வஸு கொண்ட முடிவைப் பிற்கால ஆராய்ச்சி ஏற்கவில்லை. வேரிலிருந்து நீர் மேலேறுவதற்கு உயிருள்ள அறைகளின் துடிப்பே காரணம் என்று அவர் வாதித்தார். இலைகளிலிருந்து நீர் ஆவியாகும்போது உண்டாகும் இழுப்பே காரணம் என்பது இன்று நிலைபெற்ற கொள்கை. உலோகத்துக்கும் உயிருக்கும் உள்ள ஒப்புமையையும் அவர் அளவுக்கு மேல் நீட்டினார். எல்லையைத் தாண்டுவோர் சில சமயம் வழி தவறுவதும் உண்டு.

ஆயினும் அவர் வற்புறுத்திய நடுவான செய்தி பிழைத்து நின்றது. அசையாத சாதாரணச் செடிகளிலும் மின்சாரக் குறிகள் ஓடுகின்றன என்பது இன்று ஐயமற்ற உண்மை. கடுகு இனத்தைச் சேர்ந்த ஒரு சிறு செடியின் ஓர் இலை காயமுற்றால் மின்சாரக் குறி மற்ற இலைகளுக்குச் சென்று தற்காப்பு ரஸாயனத்தை உண்டாக்கத் தூண்டுகிறது என்று 2013-ல் ஸ்விட்ஸர்லாந்து ஆராய்ச்சியாளர் காட்டினர். அவரைக் கண்டித்த பெரியோர் அந்த அச்சத்தில் அவர் வாயை அடைத்திருந்தால், அவருடைய பிழைகளோடு இந்த உண்மையும் வெளிவராது போயிருக்கும். பிழைகளைப் பின்வந்தோர் அளந்து பார்த்து விலக்கினர். அளந்து பார்க்கும் வழியையும் தம் கருவிகளால் அவரே அவர்களுக்குக் கொடுத்திருந்தார்.

நம் கலாசாலைகளின் தலைவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் நாம் சொல்ல விரும்புவது இதுதான். பல துறைகளையும் இணைத்து ஆராய வேண்டுமென்ற பேச்சு இன்று மண்டபங்களில் தாராளமாகக் கேட்கிறது. கட்டடங்களும் நிதிகளும் அதற்கு வேண்டியவையே. ஆனால் பௌதிக மாணாக்கன் ஒருவன் ஒரு செடியைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து கேள்வி கேட்டால், இது உன் பாடமல்ல என்று திருப்பி அனுப்பாத ஆசிரியர் அவற்றினும் முதன்மையானவர். பட்டமில்லாத ஒரு கிராமத்து வாலிபனின் கட்டுரையை முழுவதும் படிக்கும் பொறுமையும் அவருக்கு வேண்டும். மாணாக்கர்களோ, தாங்கள் எடுத்த ஒரு துறையை ஆழக் கற்பதில் சிறிதும் சோம்பலாகாது. மில்லிமீட்டர் அலையைச் செவ்வையாக அளக்கக் கற்ற பிறகே வஸு தொட்டாற்சுருங்கியிடம் சென்றார். அந்த ஆழமான பயிற்சியோடு, பக்கத்துத் துறையில் எழும் கேள்விகளையும் தம்முடையவையாக எண்ணும் துணிவை நம் இளைஞர் பெறுவார்களாயின், அந்த ஆசிரியருக்கு அவர்கள் செலுத்தும் நன்றி அதுவே.